பேரரசு படியளந்த கணக்கு
பாரசீகமும் அண்டை நாகரிகங்களும்: தொல்லியல் வரலாற்றுத் தொடர் – பகுதி 7

பழம் பாரசீகத்தை உலகம் நெடுங்காலம் இரு வகைச் சான்றுகளின் வழியாகவே அறிந்துவந்தது. ஹெரோடோட்டஸ், செனஃபோன் முதலிய கிரேக்க ஆசிரியர்கள் எழுதிய நூல்கள் ஒரு வகை. மன்னர்கள் மலைப்பாறைகளிலும் அரண்மனைச் சுவர்களிலும் வெட்டுவித்த கல்வெட்டுகள் மற்றொரு வகை. முன்னவை, பாரசீகத்தோடு போரிட்ட மக்களின் பார்வையில், அளவற்ற செல்வத்தில் திளைத்த ஓர் அரசவையையும் அதன் சூழ்ச்சிகளையும் காட்டின. பின்னவை, அகுரமஸ்தா என்னும் தெய்வத்தின் அருளால் ஆட்சிபுரிந்த பேரரசரின் பெருமையைப் பேசின. சிந்து நதி முதல் ஏகியன் கடல் வரை பரந்திருந்த அந்தப் பேரரசில் அரசுப் பணியாளருக்கு யார் உணவளித்தார்கள், களஞ்சியத்திலிருந்து வெளியேறிய தானியத்துக்கு யார் பொறுப்பேற்றார்கள், மாதக்கணக்கில் பயணம் செய்த தூதர்கள் வழியில் எதை உண்டார்கள் என்னும் கேள்விகளுக்கு இவ்விரு வகைச் சான்றுகளிலும் விடை இல்லை. அந்த விடை 1933ஆம் ஆண்டில், பெர்சிபோலிஸ் நகரத்து மதிலுக்குள்ளிருந்து, ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளாக வெளிப்பட்டது.

மேடையும் மதிலும்

இன்றைய ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்தில், ஷிராஸ் நகருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், ரஹ்மத் மலையின் அடிவாரத்தில் பெர்சிபோலிஸ் அமைந்துள்ளது. இதனைப் பாரசீகர் 'பார்சா' என்று அழைத்தனர். இன்றைய ஈரானியர் தக்த்-ஏ-ஜம்ஷீத், அதாவது ஜம்ஷீதின் அரியணை, என்று அழைக்கின்றனர். கி.மு. 522 முதல் 486 வரை ஆண்ட முதலாம் டேரியஸ், ஏறத்தாழ கி.மு. 518இல் இங்கே ஒரு மாபெரும் கல்மேடையை எழுப்பத் தொடங்கினார். சுமார் 1,25,000 சதுர மீட்டர் பரப்புள்ள அம்மேடையின் மீது, அபதானா எனப்படும் 72 தூண்களைக் கொண்ட அரசவை மண்டபமும், கருவூலமும், அரண்மனைகளும் அவர் காலத்திலும் அவருடைய மகன் செர்க்சீஸின் காலத்திலும் உருவாயின. கி.மு. 330இல் அலெக்சாந்தர் இந்நகரைக் கைப்பற்றியபோது கருவூலத்திலிருந்து 1,20,000 தாலந்து மதிப்புள்ள செல்வத்தை எடுத்துச் சென்றதாகக் கிரேக்க, இலத்தீன் நூல்கள் கூறுகின்றன. அதன்பின் அரண்மனைகள் தீக்கிரையாயின. அபதானாவின் தூண்களில் 13 மட்டுமே இன்று நிற்கின்றன.

இவ்விடத்தில் முறையான அகழாய்வை 1931இல் தொடங்கியவர் ஜெர்மானியத் தொல்லியலறிஞரான எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு ஆய்வு நிறுவனம் அப்பணியை நடத்தியது. 1933இல் மேடையின் வடகிழக்கு மூலையில், அரண் மதிலோடு இணைந்திருந்த சிறிய அறைகளில், சூளையில் சுடப்படாத களிமண் பலகைகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. முழுப் பலகைகளும் உடைந்த துண்டுகளுமாக அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 30,000 இருக்கும் என்று ஹெர்ஸ்ஃபெல்ட் மதிப்பிட்டார். அரண் மதிலில் கிடைத்தமையால் இவை 'அரண்மதில் பலகைகள்' என்று பெயர் பெற்றன. அதே ஆண்டில் அபதானாவின் அடித்தளத்தில் கல்பேழைகளுக்குள் இடப்பட்டிருந்த பொன், வெள்ளித் தகடுகளும் வெளிவந்தன. சோக்டியாவுக்கு அப்பாலுள்ள சகர் நாடு முதல் கூஷ் வரையிலும், சிந்து நாடு முதல் சார்டிஸ் வரையிலும் தன் ஆட்சி பரவியிருந்ததை டேரியஸ் அவற்றில் மூன்று மொழிகளில் பொறித்திருந்தார். பொன் தகடுகள் உடனே உலகப் புகழ் பெற்றன. களிமண் பலகைகளின் மதிப்பை உணர்வதற்கோ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

ஈலாம் கற்றுத்தந்த கணக்கு

பலகைகளைக் கையிலெடுத்த அறிஞர்கள் முதலில் கண்டது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை பாரசீக மொழியில் எழுதப்பட்டவை அல்ல என்பதையே. பேரரசின் ஆளும் குலத்தாரின் மொழியாகிய பழம்பாரசீகத்தில் எழுதப்பட்ட பலகை இத்தொகுதியில் ஒன்றே ஒன்றுதான் இதுவரை அறியப்பட்டுள்ளது. கிரேக்கம், ஃபிரிகியம், அக்காதியம் ஆகிய மொழிகளில் அமைந்த தனிப் பலகைகளும், அரமேய மொழியில் மையால் எழுதியோ கீறியோ அமைத்த சில நூறு பலகைகளும் உண்டு. எழுத்துள்ள எஞ்சிய பலகைகள் அனைத்தும் ஈலாமிய மொழியில், ஆப்பு வடிவக் குறிகளைக் களிமண்ணில் பதித்து எழுதும் ஆப்பெழுத்தில் அமைந்தவை.

ஈலாம் என்பது மெசொப்பொத்தேமியாவுக்குக் கிழக்கே, இன்றைய தென்மேற்கு ஈரானில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் தழைத்த நாகரிகம். தாழ்நிலத்தில் சூசாவும், மலைநாட்டில் அன்ஷானும் அதன் இரு பெரும் நகரங்கள். கி.மு. 3100 அளவிலேயே முந்து-ஈலாமியம் எனப்படும் எழுத்தில், களிமண் பலகைகள் மீது ஆடுகளையும் தானியத்தையும் அங்குள்ள எழுத்தர்கள் கணக்கிட்டிருந்தனர். அசீரிய மன்னன் அசுர்பனிபால் கி.மு. 640களில் சூசாவைச் சூறையாடிய பின்னரும் அந்த எழுத்து மரபு அழிந்துவிடவில்லை என்பதற்கு, சூசாவின் உயர்மேட்டில் கண்டெடுக்கப்பட்ட ஏறத்தாழ 300 ஈலாமியக் கணக்குப் பலகைகள் சான்று. பாரசீகப் பேரரசு தோன்றுவதற்கு முற்பட்டவையான அவற்றிலேயே ஈரானியப் பெயர்கள் இடம்பெறுகின்றன. ஈலாமிய மொழிக்கு உறவு மொழி எதுவும் ஐயமற நிறுவப்படவில்லை. அது திராவிட மொழிகளோடு தொடர்புடையது என்னும் கருதுகோளை டேவிட் மெக்ஆல்பின் 1970களில் முன்வைத்தார். எனினும் மொழியியலாளர் பலர் அதனை ஏற்கவில்லை.

ஃபார்ஸ் மலைநாட்டில் குடியேறிய ஈரானிய மக்கள் ஈலாமியரோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து வாழ்ந்ததன் விளைவாகவே பாரசீக அரசு உருவாயிற்று. பாபிலோனில் கிடைத்த புகழ்பெற்ற களிமண் உருளையில் மகா சைரஸ் தன்னையும் தன் முன்னோரையும் அன்ஷானின் அரசர் என்றே குறிப்பிடுகிறார். கெர்மான்ஷாவுக்கு அருகே பெகிஸ்தூன் மலையில் டேரியஸ் பொறித்த மும்மொழிக் கல்வெட்டில் முதலில் வெட்டப்பட்டதும் ஈலாமிய வடிவமே. இந்த உறவின் ஆழத்தை அரண்மதில் பலகைகள் ஒரு முத்திரைப் பதிவில் கண்முன் நிறுத்துகின்றன. குதிரையேறிய வீரன் ஒருவன் தன் பகைவனை ஈட்டியால் தாக்க, வீழ்ந்தோர் கீழே கிடக்கும் காட்சியும், தெய்ஸ்பிஸின் மகனான அன்ஷானிய குராஷ் என்னும் ஈலாமியப் பொறிப்பும் கொண்ட உருளை முத்திரை அது. குராஷ் என்பது சைரஸ் என்னும் பெயரின் ஈலாமிய வடிவம். இவர் மகா சைரஸின் பாட்டனாராகக் கருதப்படுபவர். சைரஸின் நேர்வழியில் வராத டேரியஸின் ஆட்சியில், அதுவும் அரசரின் பந்திக்கு வழங்கிய உணவைக் குறிக்கும் பலகைகளில், அந்தப் பழைய முத்திரை இன்னும் உருட்டப்பட்டுவந்தது.

பலகையின் வடிவம், கணக்கின் வழி

பெரும்பாலான பலகைகள் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவினவை. எழுத்தர், முடிச்சிட்ட ஒரு நூலைச் சுற்றி ஈரக் களிமண்ணை அழுத்தி நாக்கு வடிவில் உருவாக்குவார். தட்டையான இடப்பக்க விளிம்பின் இரு மூலைகளிலும் நூலின் முனைகள் வெளியே நீண்டிருக்கும். களிமண் உலர்வதற்குள் கூரிய கோலால் சில வரிகளில் செய்தி பதிக்கப்படும். பின்னர், பொருளை வழங்கிய களஞ்சிய அலுவலரும் அதனைப் பெற்றுக்கொண்டவரும் தத்தம் உருளை முத்திரைகளைப் பலகையின் பக்கங்களில் உருட்டுவர். நூல் இன்று மக்கிப்போய்விட்டது. அது இருந்த துளைகள் மட்டுமே எஞ்சியுள்ளன. எழுத்து ஒன்றுமின்றி முத்திரைப் பதிவு மட்டும் தாங்கிய பலகைகளும் ஆயிரக்கணக்கில் உள்ளன.

ஒவ்வொரு சிறு பலகையிலும் பொருளின் அளவு, அது எந்தக் களஞ்சியத்திலிருந்து வெளியேறியது, யார் பெற்றார், எதற்காக, எந்த மாதம், டேரியஸின் எத்தனையாம் ஆட்சியாண்டு என்பவை ஏறத்தாழ மாறாத வரிசையில் இடம்பெறுகின்றன. 'கா' என்பது ஒரு லிட்டருக்குச் சற்றே குறைவான அளவை. பத்து கா தானியம் ஒரு 'பார்'. பத்து கா மதுவோ பீரோ ஒரு 'மரிஷ்'. ஊர்களிலும் வழித்தங்கல்களிலும் எழுதப்பட்ட இச்சிறு பலகைகள் பெர்சிபோலிசுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே பெரிய நீள்சதுரப் பலகைகளில் நாட்குறிப்பேடுகளாகத் தொகுக்கப்பட்டன. அவற்றிலிருந்து ஆண்டுக் கணக்குகள் உருவாயின: முந்தைய ஆண்டின் இருப்பு, புதிய வரவு, செலவு, எஞ்சிய கையிருப்பு என்று ஒவ்வொரு களஞ்சியமும் தணிக்கைக்கு உட்பட்டது. இக்கணக்குகள் டேரியஸின் 13ஆம் ஆட்சியாண்டு முதல் 28ஆம் ஆட்சியாண்டு வரை, அதாவது கி.மு. 509 முதல் 493 வரை உள்ள காலத்துக்குரியவை. இவற்றில் பேசப்படும் நிலப்பரப்பு ஃபார்சும் அதனை அடுத்து சூசாவை நோக்கிச் செல்லும் மேற்குப் பகுதியும் ஆகும். இன்றைய ஷிராசின் பெயரும் திரஸ்ஸிஷ் என்ற வடிவில் இவற்றில் வருகிறது.

முத்திரைகளே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. எழுத்தறியாத அலுவலரும் தன் முத்திரையால் பொறுப்பேற்றார். முதலில் பதிப்பிக்கப்பட்ட பலகைகளிலிருந்து மட்டுமே மார்க் கேரிசனும் மார்கரெட் கூல் ரூட்டும் 1,100க்கும் மேற்பட்ட தனித்தனி முத்திரைகளை அடையாளம் கண்டுள்ளனர். ஒரு சிறிய வட்டாரத்தில், பதினாறே ஆண்டுகளில், இத்தனை பேர் தம் கைப்பட உறுதியளித்து அரசுப் பொருளைக் கையாண்டனர் என்பது, ஒரே மனிதரின் விருப்பப்படி மட்டுமே இயங்கிய அரசு என்று கிரேக்க நூல்கள் வரைந்த படத்தோடு ஒத்துப்போவதில்லை.

பர்னாகாவின் அலுவலகம்

இந்த ஏற்பாடு முழுவதற்கும் தலைமை தாங்கியவர் பர்னாகா. அவருடைய முத்திரையில் அரமேய எழுத்தில், அர்ஷாமின் மகன் பர்னாகா என்று பொறிக்கப்பட்டுள்ளது. டேரியஸின் பாட்டனார் பெயரும் அர்ஷாம் என்பதால், பர்னாகா மன்னருக்குத் தந்தையின் உடன்பிறந்தார் முறையினர் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். கி.மு. 500இல் அவர் தன் பழைய முத்திரையை மாற்றிப் புதிய முத்திரையைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, முன்பு தனக்குரியதாயிருந்த முத்திரை மாற்றப்பட்டுவிட்டது, இனி இப்பலகையில் உள்ளதே தன் முத்திரை என்று கீழலுவலர்களுக்கு எழுதியனுப்பினார். இன்றைய அலுவலகங்களில் அதிகாரபூர்வ முத்திரை மாறும்போது அனுப்பப்படும் சுற்றறிக்கைக்கு ஒப்பான அந்த ஆணை, இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும் பிழையின்றிப் படிக்கக் கிடைக்கிறது.

பர்னாகாவுக்கு அரசு அளந்த நாட்படி 180 கா மாவு, 90 கா மது, இரண்டு ஆடுகள். இந்த அளவு ஒருவர் உண்பதற்கானது அன்று. அவர் தன்னைச் சார்ந்த பெருங்கூட்டத்துக்குப் பகிர்ந்தளிப்பதற்கும், தன் பதவியின் தகுதியைக் காட்டுவதற்கும் உரியது. அரசகுலப் பெண்களும் இதே கணக்குமுறைக்குள் அடங்கியிருந்தனர். மகா சைரஸின் மகளும் டேரியஸின் மனைவியருள் ஒருவருமான அர்த்திஸ்தோனே, பலகைகளில் இர்தஷ்துனா என்று அழைக்கப்படுகிறார். டேரியஸ் தன் மனைவியருள் இவரையே மிகவும் நேசித்தார் என்றும் இவருக்குப் பொன்னால் சிலை செய்வித்தார் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 503ஆம் ஆண்டின் முதல் மாதத்தில், தன் உடைமையிலிருந்து இவருக்கு 100 ஆடுகள் வழங்குமாறு டேரியஸ் பர்னாகாவுக்கு ஆணையிட்டார். பர்னாகா அந்த ஆணையைக் கால்நடைத் தலைவர் ஹரேனாவுக்கு அனுப்பினார். பலகையை எழுதிய எழுத்தர் அன்சுக்கா என்றும், செய்தியை அவருக்கு உரைத்தவர் மராசா என்றும் அதன் இறுதியில் குறிக்கப்பட்டுள்ளது. அதே மாதத்தில் அதே அரசிக்கு 200 மரிஷ் மது வழங்கும்படி மற்றோர் ஆணையும் பிறந்தது. பேரரசர் வாயால் சொன்ன சொல்லும்கூட, யார் வழியாக வந்தது, யார் எழுதினார் என்ற பதிவின்றிக் களஞ்சியத்தின் கதவைத் திறக்கவில்லை.

இர்தஷ்துனாவும், இர்தபாமா என்னும் மற்றோர் அரசகுலப் பெண்மணியும் தமக்கெனப் பண்ணைகளும் பணியாளரும் முத்திரையும் கொண்டிருந்தனர். தம் பண்ணை அலுவலர்களுக்குத் தாமே ஆணைகள் அனுப்பினர். அந்தப்புரத்தில் அடைந்துகிடந்து சூழ்ச்சி செய்வோராகவே பாரசீக அரசியரைச் சித்திரித்த பழைய நூல்களுக்கு இப்பலகைகள் நேரெதிரான சான்று பகர்கின்றன.

வழிப்படி

சார்டிஸிலிருந்து சூசா வரை சென்ற அரச நெடுஞ்சாலையில் 111 தங்கல்கள் இருந்தன என்றும், அதனைக் கடக்க 90 நாட்கள் ஆகும் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதினார். அத்தங்கல்களில் எப்படி உணவு வழங்கப்பட்டது என்பதைப் பலகைகளே காட்டுகின்றன. அரசுப் பணியாகப் புறப்படும் ஒவ்வொருவரும் மன்னரோ ஆளுநரோ முத்திரையிட்ட பயண ஆவணம் ஒன்றை எடுத்துச் செல்ல வேண்டும். அதில் குறித்த அளவுப்படியே ஒவ்வொரு தங்கலிலும் மாவும் மதுவும் அளக்கப்பட்டன. தங்கலில் எழுதப்பட்ட பலகை, பயணி எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், யாருடைய ஆவணத்தைக் கொண்டிருக்கிறார் என்பவற்றையும் பதிவுசெய்தது.

டேரியஸின் 23ஆம் ஆட்சியாண்டின் இரண்டாம் மாதத்தில், அதாவது கி.மு. 499இல், அப்பதேமா என்பவர் சிந்து நாட்டிலிருந்து சூசாவுக்குச் சென்றுகொண்டிருந்தார். மன்னரின் முத்திரையிட்ட ஆவணம் அவரிடம் இருந்தது. ஒரு தங்கலில் அவருக்கு நாட்படியாக 70 கா மாவும், உடன் சென்ற 20 பேருக்கு ஆளுக்கு 2 கா வீதம் 40 காவும், ஆக 110 கா அளக்கப்பட்டது. அவருக்கு வழிகாட்டியாக வந்த இஷ்பரமிஷ்திமா என்னும் அலுவலரின் முத்திரை பலகையில் உருட்டப்பட்டது. சாதாரணப் பயணிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கா மாவே வழங்கப்பட்டது என்பதை நோக்க, அப்பதேமா மிக உயர்ந்த நிலையில் இருந்தவர் என்பது விளங்கும். அபதானாவின் படிக்கட்டுச் சுவரில் செதுக்கப்பட்டுள்ள 23 நாட்டுத் தூதுக்குழுக்களில் சிந்து நாட்டாரும் உள்ளனர். அவர்களில் ஒருவர் தோளில் காவடித் தண்டைத் தாங்கி, அதன் இருமுனைகளிலும் சிறு பைகள் வைத்த தட்டுகளைச் சுமந்து நடக்கிறார். சிற்பம் அவர்களின் வருகையைச் சடங்காகக் காட்டுகிறது. பலகையோ அத்தகைய பயணம் ஒன்றில் ஒரு நாள் சோற்றுக்கு அரசு என்ன செலவிட்டது என்பதைக் காட்டுகிறது.

மேற்கு எல்லையிலிருந்து வந்த மற்றொரு பயணியின் பெயர் தத்தியா. கி.மு. 494இன் தொடக்கத்தில், சார்டிஸிலிருந்து விரைவுத் தூதர்களின் வழியில், பெர்சிபோலிசில் இருந்த மன்னரிடம் சென்றுகொண்டிருந்த இவர், வழியில் ஹிதாலி என்னும் ஊரில் 70 கா பீர் பெற்றார். இவரே ஹெரோடோட்டஸ் கூறும் தாதிஸ் என்பதை 1980இல் டேவிட் லூயிஸ் எடுத்துக்காட்டினார். ஏகியன் கரையில் அயோனிய கிரேக்க நகரங்கள் கிளர்ச்சி செய்துகொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டில்தான் லாடே கடற்போரில் அக்கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 490இல், மாரத்தான் களத்துக்குப் பாரசீகப் படையை நடத்திச் சென்ற தளபதிகளில் ஒருவர் இந்தத் தாதிஸ். கிரேக்க வரலாற்றில் படையோடு திடீரெனத் தோன்றும் ஒரு மனிதர், அதற்கு முன்பே எல்லைப்புற நிலையை நேரில் அறிந்து மன்னரிடம் விரைந்து சென்றவர் என்பதை ஒரு பீர்க் கணக்கு நிறுவியது.

உழைத்தவர்களின் அளவை

பலகைகளில் மிகுதியாக வரும் சொல் 'குர்தாஷ்'. அரசின் படியைப் பெற்று வேலைசெய்த தொழிலாளரைக் குறிக்கும் சொல் அது. கல்தச்சர், மரவேலைக்காரர், நெசவுப் பெண்கள், மேய்ப்பர், களஞ்சியக் காவலர், தோலில் எழுதும் பாபிலோனிய எழுத்தர், பலகைகளைப் பார்த்துப் படியெடுத்துப் பழகும் பாரசீகச் சிறுவர் எனப் பலர் இக்கணக்குகளில் இடம்பெறுகின்றனர். அயோனியர், லிசியர், திரேசியர், எகிப்தியர், கப்பதோசியர், பாக்திரியர், சோக்டியர், இந்தியர் எனப் பேரரசின் எல்லாத் திசைகளிலிருந்தும் அவர்கள் கொண்டுவரப்பட்டிருந்தனர். அவர்களில் போரில் சிறைப்பட்டுக் குடிபெயர்க்கப்பட்டோரும் இருந்தனர். தம் முறைக்கு உழைத்துவிட்டு ஊர் திரும்பியோரும் இருந்திருக்கலாம். அவர்களின் சட்டநிலை பற்றி அறிஞரிடையே நீண்ட விவாதம் நடந்துவருகிறது.

சாதாரண ஆண் தொழிலாளிக்கு மாதப்படி 30 கா வாற்கோதுமை; நாளொன்றுக்கு ஒரு கா. பர்னாகாவுக்கு ஒரு நாளில் அளந்த மாவு, அத்தகைய தொழிலாளி ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு அளந்த தானியத்துக்குச் சமம். பெண்களில் பலர் இன்னும் குறைவாகவே பெற்றனர். ஆயினும் தேர்ந்த தொழிலாளரும் மேற்பார்வையாளரும் கூடுதலாகப் பெற்றனர்; அதில் பெண்களும் விலக்கல்ல. நெசவுக் குழுக்களின் தலைவியராக இருந்த பெண்கள் மாதந்தோறும் 50 கா தானியமும் 30 கா மதுவும், ஆட்டிறைச்சியில் ஒரு பங்கும் பெற்றனர். பிள்ளை பெற்ற தாய்மாருக்குச் சிறப்புப் படி வழங்கப்பட்டது. அயோனியத் தாய்மாரும் அதனைப் பெற்றுள்ளனர். ஆண்குழந்தை பெற்றவருக்கு அளந்ததில் பாதியே பெண்குழந்தை பெற்றவருக்கு அளக்கப்பட்டது. தாய்மையைக் கணக்கில் கொண்ட அரசு, குழந்தையின் பாலுக்கேற்ப அதன் மதிப்பைப் பிரித்ததையும் அதே பலகைகள் மறைக்காமல் காட்டுகின்றன. மேடையின் பிரம்மாண்டத்தைப் பாடும் எந்தக் கல்வெட்டிலும் இடம்பெறாத இந்த மக்கள், களிமண்ணில் மட்டுமே தம் சுவட்டை விட்டுச்சென்றனர்.

ஹெர்ஸ்ஃபெல்டுக்குப் பின் அகழாய்வை நடத்திய எரிக் ஷ்மிட், 1930களின் பிற்பகுதியில் கருவூலக் கட்டடத்தில் சுமார் 750 பலகைகளையும் துண்டுகளையும் கண்டெடுத்தார். ஜார்ஜ் கேமரன் அவற்றில் முதன்மையானவற்றை 1948இல் பதிப்பித்தார். செர்க்சீஸின் காலத்தை மையமாகக் கொண்ட அப்பலகைகள், தொழிலாளருக்குப் படியின் ஒரு பகுதி ஆடு, மது என்பவற்றுக்கு ஈடாக வெள்ளியாக வழங்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. ஒரே தலைமுறைக்குள் பொருளாக அளந்த படி நாணய மதிப்பை நோக்கி நகர்ந்ததை இரு தொகுதிகளையும் ஒப்பிட்டுக் காண முடிகிறது.

தெய்வங்களுக்கு அளந்தது

அரசு மனிதருக்கு மட்டுமன்றித் தெய்வங்களுக்கும் படியளந்தது. கல்வெட்டுகளில் டேரியஸ் அகுரமஸ்தாவையே பெருந்தெய்வமாகப் போற்றுகிறார். பலகைகளிலோ, பழைய ஈலாமியத் தெய்வமான ஹும்பானுக்கு வழங்கிய பலிப்பொருள்கள் அகுரமஸ்தாவுக்கு வழங்கியவற்றைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன. மெசொப்பொத்தேமியத் தெய்வமான அதாதும், ஊர்களை அடுத்த மலைகளும் ஆறுகளும் தமக்குரிய தானியத்தையும் மதுவையும் பெறுகின்றன. பூசை முடிந்தபின் அப்பொருள்களைப் பூசகரும் தொழிலாளரும் உண்டனர் எனச் சில பலகைகள் தெளிவாகக் குறிக்கின்றன. ஈலாமிய மரபும் ஈரானிய மரபும் வேறுவேறு சமயங்களாகப் பிரிந்து நிற்காமல், ஒரே களஞ்சியத்திலிருந்து உணவு பெற்ற ஒரே வழிபாட்டு வாழ்வாக இணைந்திருந்ததை வௌட்டர் ஹெங்கல்மன் தம் ஆய்வுகளில் விரிவாக நிறுவியுள்ளார்.

சிகாகோவும் தெஹ்ரானும்

ஈரானிய அரசு 1935இல் இப்பலகைகளை ஆய்வுக்காகச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குக் கடனாக வழங்கியது. அங்கே ரிச்சர்ட் ஹாலக் பல பத்தாண்டுகள் தனியராக உழைத்து, 2,087 பலகைகளின் பாடங்களையும் மொழிபெயர்ப்பையும் 1969இல் ஒரே நூலாக வெளியிட்டார். பாரசீகப் பேரரசைப் பற்றிய ஆய்வுத்துறை முழுவதையும் திசைதிருப்பிய நூல் அது. அதன்பின் மேத்யூ ஸ்டோல்பரின் தலைமையில், ஈலாமியப் பாடங்கள், அரமேயப் பாடங்கள், முத்திரைகள் ஆகிய அனைத்தையும் ஒன்றாக ஆராயும் திட்டம் உருவாயிற்று; ஒளி விழும் கோணத்தை மாற்றி மாற்றி எடுக்கும் படங்களால், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத முத்திரைக் கோடுகளும் படிக்கக் கிடைத்தன.

அப்பணி விரைவுபெற்றதற்கு ஒரு வழக்கும் காரணமாயிற்று. 1997இல் ஜெருசலேமில் நிகழ்ந்த தற்கொலைக் குண்டுவெடிப்பில் காயமடைந்த அமெரிக்கர்கள், ஈரானிய அரசுக்கு எதிராக 7.15 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பைப் பெற்று, அத்தொகைக்காகச் சிகாகோவில் இருந்த பலகைகளைக் கைப்பற்ற முயன்றனர். பாதிக்கப்பட்டோரின் துயரம் உண்மையானது. ஆனால் பலகைகள் ஏலத்தில் விற்கப்பட்டிருந்தால், இத்தொகுதி உலகெங்கும் சிதறிப்போயிருக்கும். 2018 பிப்ரவரி 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், பலகைகளைப் பறிமுதல் செய்ய இயலாது எனத் தீர்ப்பளித்தது. 1948, 1951, 2004 ஆகிய ஆண்டுகளில் பகுதி பகுதியாகத் திரும்பிய பலகைகளைத் தொடர்ந்து, 2019இல் 1,783 பலகைகள் தெஹ்ரானை அடைந்தன.

இந்தச் சிதறலை எண்ணி ஆய்வாளர்கள் அஞ்சியதன் காரணம், பலகைகளின் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது. அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்தால், யாரோ ஒருவர் எங்கோ சில கா மாவு பெற்ற செய்தியே எஞ்சும். அதன் சந்தை விலை என்னவாயினும் வரலாற்று மதிப்பு சிறிதே. அதே முத்திரை வேறொரு பலகையிலும், அதே பெயர் ஓர் ஆண்டுக் கணக்கிலும், அதே ஊர் ஒரு பயணக் குறிப்பிலும் வரும்போதுதான், ஒரு களஞ்சியக் காவலரின் பணிக்காலமும், ஒரு நெசவுக் குழுவின் இடப்பெயர்ச்சியும், ஒரு பேரரசின் நிருவாக ஒழுங்கும் வடிவம் பெறுகின்றன. டேரியஸின் அரசு மலையைக் குடைந்தும் தூணை நிறுத்தியும் காட்டிய வலிமை, ஈலாமியரிடம் கற்ற இந்த அளவையின் மீதும், பொறுப்பேற்று முத்திரையிட்ட ஆயிரம் கைகளின் மீதும் நின்றது. அதனை உணர்த்தும் பலகைகளில் பெரும்பகுதி இன்னும் பதிப்பிக்கப்படாமல் உள்ளது. அவை ஒரே தொகுதியாகக் காக்கப்பட்டு முழுமையாகப் பதிப்பிக்கப்படும் அளவுக்குத்தான் பாரசீக வரலாறும் முழுமை பெறும்.

(தொடரும்)